ஏழு நகரம், பத்தொன்பது நாள்

ஏஜாக்ஸில் மார்ச் மாதப் பனி
சாம்பலாகி வாசலில் கிடக்கிறது.
குசினி மேசையில் புதுசாய் ஒரு சிங்கிள் றூள் கொப்பி.
முதல் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதினேன்:
ஐரோப்பா.
அடியில் இரண்டு கோடும் போட்டேன்.

இருபத்திரண்டு வருஷம் மருந்துக் கொம்பனியில்
குளிசைப் போத்தலுக்கு மூடி போட்ட கை.
மூன்று கிழமை லீவு ஒன்றாய்க் கேட்டது
இதுதான் முதல்தரம்.
ஆர் செத்தது என்பதுபோல் சூப்பர்வைசர் பார்த்தாள்.
ஒருத்தரும் சாகேல்லை,
ஊர் பாக்கப் போறன் என்றேன்.

செய்தி எனக்கு முன்னமே கடல் தாண்டிவிட்டது.
பாரிஸிலிருந்து மச்சாள்:
"ஹொட்டேலோ? என்ன கதை இது?
லாச்சப்பலில் இறங்கினால் நடந்து வாற தூரம்."
சூரிச்சில் சித்தப்பாவின் மகன்
எங்களுக்கென்று மெத்தையே வாங்கிவிட்டானாம்.
ஒஸ்லோவில் ஒரு சாமத்தியவீடு,
எங்கள் திகதிக்குத் தள்ளிவைக்கச் சம்மதமாம்.
கொப்பியைப் பார்த்தேன்.
கோபுரம், தேவாலயம், ஓவியம் எல்லாம்
மார்ஜினுக்குள் ஒதுங்கி நிற்க,
நடுப் பக்கம் முழுக்கச் சோறும் ஆட்டிறைச்சிக் கறியும்.

"அம்மா, ஒரு நகரத்துக்கு மூன்று இரவாவது வேணும்,
ஏழு கூட" என்றான் ஆரணன்.
"பிராக்கை வெட்டுங்கோ.
அங்கைதான் எங்கடை ஆக்கள் ஒருத்தரும் இல்லை."

அதனால்தானே அதைச் சேர்த்தேன்!
பல் டொக்டரின் சுவர்க் கலண்டரில்
ஒரு பாலம், பாலத்தில் பனிப்புகார்.
வாயைத் திறந்தபடி அரை மணித்தியாலம் பார்த்த ஊர்.
பசித்தால் மட்டும் சாப்பிடக் கிடைக்கிற
ஒரே ஒரு ஊர்.

தயாபரன் அதுவரைக்கும் வாய் திறக்கவில்லை.
பாஸ்போட் முடிகிற திகதியை
மூன்றாம்தரம் பார்த்துக்கொண்டிருந்தவர்
தலை நிமிராமல் சொன்னார்:
"பிராக்கை வெட்டாதை."

"ஏன், போயிருக்கிறியளோ?"

"போகேல்லை."
பாஸ்போட்டை மூடினார்.
"இருந்திருக்கிறன்."

நாற்பத்தொரு நாள்.
மூன்றாம் மாடி, ஒரு அறை, பதினாலு பேர்.
யன்னல் சீலையை விலக்கினால் ஏஜென்ற் அடிக்க வருவான்.
என்ன நாடென்று ஒருத்தருக்கும் சொல்லவில்லை.
சிலர் ஜேர்மனி என்றார்கள்.
ஒருவர், கனடாவுக்கே வந்துசேர்ந்துவிட்டோமென்று
மாபிள் தரையில் விழுந்து கும்பிட்டாராம்.

இருபத்தேழு வருஷம் ஒரே கட்டில்.
அவர் வந்த வழி எனக்கு
"அங்கை இங்கை சுத்தி வந்தது" என்ற ஒற்றை வசனம்.
நான் ஸ்பொன்சரில் வந்தவள்,
மடியில் சாப்பாட்டுத் தட்டோடு, யன்னல் சீற்றில்.

"சத்தம் மட்டும்தான் தெரியும்.
விடிய நாலே முக்காலுக்கு முதல் ட்ராம்.
வளைவிலை ஒரு கிறீச், பிறகு மணி.
அதை வைச்சுத்தான் நாள் எண்ணினது.
என்ன நிறமெண்டு தெரியாது."

ஆரணன் போனை எடுத்தான்.
நிறம் தேட அவனுக்கு இரண்டு செக்கன் போதும்.
இவர் கையை நீட்டித் திரையை மறைத்தார்.
"விடு. பாக்கத்தானே போறம்."

ஒஸ்லோவை வெட்டினேன்.
பிள்ளைக்குக் காசு அனுப்பினால் கோபிக்கமாட்டார்கள்,
கோபித்தாலும் பரவாயில்லை.
பிராக்: நாலு இரவு.
கோட்டை, பாலம், மணிக்கூடு என்று
முன்னமே எழுதி வைத்ததற்கு மேலே
இடமில்லாத இடத்தில் நெருக்கி எழுதினேன்:
விடிய நாலரை. ட்ராம். எது வந்தாலும்.

"மே மாசம் அங்கை குளிருமோ?" என்று கேட்டேன்.

"தெரியாது" என்றார்.
"நான் வெளியிலை வரேல்லை."

இரண்டு சுவெற்றர்
என்று எழுதிக்கொண்டேன்.