தலை எண்ணிக்கை

பிஸ்கே வளைகுடா. இரவு இரண்டு பத்து.
நான்காம் கிடங்கில் கரி எரிகிறது;
சரக்குத்தாளில் அதற்குத் தோட்டச் சாமான் என்று பெயர்.

கரியமில வாயு நெம்புகோலில் ஸ்வோன்கோவின் கை.
இழுத்தால் தீ சாகும்.
உள்ளே ஆளிருந்தால் ஆளும்.

நான்தான் எண்ணுகிறேன்.
இருபத்தொரு பெயர்,
இருபது தலை.
"கெலா!"
ரேடியோவில் வெறும் இரைச்சல்.
"கெலா!"
மேல்தளத்துப் பெயிண்ட் கொப்புளிக்கிறது.
சமையல்காரர் இயோதெபா
உயிர்காப்பு அங்கியைத் தலைகீழாய் மாட்டியிருக்கிறார்,
யாரும் சொல்லவில்லை.

ஆறு நிமிடம்.

முந்தாநாள் ஏறிய பையன் கூச்சத்தோடு:
"அவர் அல்ஹெசிராஸில் இறங்கிட்டாரே சார்.
அவர் கட்டில்லதான் நான் படுக்கிறேன்."

பட்டியல் என் வேலை.

ஸ்வோன்கோ என்னைப் பார்க்காமல் இழுக்கிறான்.
இரும்புக்கடியில் நீளமாய் ஒரு சீறல்.

பெயரை அடிக்கப் பேனா கேட்கிறேன்.
யாரிடமும் இல்லை.