ஐந்து மீட்டரில் எட்டு நிமிடம்

அதித்லான் ஏரி மலைமேல் இருக்கிறது.
கடலுக்கென்று போட்ட அட்டவணை
இங்கே பொய் சொல்லும்.
காற்று மெலிவு; ரத்தத்தில் குமிழி அவசரப்படும்.
ஈயக்கட்டியில் இரண்டைக் கழற்றிப் படகில் வைத்தேன்.
உப்புநீர்போல் ஆளைத் தாங்காது நன்னீர்.

"பதினொன்றரைக்கு ஷொக்கொமீல் காற்று வரும்,
காத்திருக்க மாட்டேன்" என்றான் பஸ்குவால்.
காத்திருப்பான்.
போன வாரமும் இதையேதான் சொன்னான்.

மூன்றாவது மீட்டரில் வெயில் பச்சையாகிறது.
எட்டில் குளிர் ஒரு கோடு போட்டிருக்கிறது,
தாண்டும்போது பல்லுக்குத் தெரியும்.
பன்னிரண்டில் என் கையே எனக்கு மங்கல்.
பதினாறில்
படி.

ஒன்று. இரண்டு.
மூன்றாவதைச் சேறு விழுங்கியிருக்கிறது.

துடுப்பு ஒருமுறை தப்பாக அசைந்தால் போதும்,
இத்தனை நூற்றாண்டுத் தூசியும் எழுந்து
அரைமணி நேரம் யாரையும் பார்க்க விடாது.
எனவே மூச்சால் மட்டும் நகர்கிறேன்:
இழுத்தால் ஒரு சாண் மேலே,
விட்டால் ஒரு சாண் கீழே.

நாடாவின் ஒரு முனை என்னிடம்,
மறுமுனை ரெனாத்தோவிடம்.
நாலு மீட்டர் இருபது: சுவர்.
ஒன்று அறுபது: வாசல், அல்லது
வாசல் என்று நாங்கள் ஒப்புக்கொண்ட இடைவெளி.
உள்பக்கம் ஓர் அரைகல்
முகம் கவிழ்ந்து கிடக்கிறது.

கிடக்கவில்லை.
மூன்று காலும் நேராக மேலே.
உருண்ட கல் ஒருக்களித்துத்தான் கிடக்கும்.
இதை யாரோ
குழியில் மழை தேங்காதபடி,
வான்கோழி எச்சமிடாதபடி
இரு கையாலும் திருப்பி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.
தப்பி ஓடுகிறவர் செய்கிற காரியமல்ல.
நாலு நாளில் வந்துவிடுவோம் என்பவர் செய்வது.

பலகையில் எழுதினேன்:
அரைகல், ஒன்று. நிலை, கவிழ்ந்து.
அதற்குமேல் எழுதப் படிவத்தில் கட்டமில்லை.

ஏறும் வழியில் ஐந்து மீட்டரில்
எட்டு நிமிடம் நின்றாக வேண்டும்,
ரத்தம் அடங்கும்வரை.
கயிறு கட்டுவதில்லை நாங்கள்.
தோன் எலியோதோரோவின் பழைய விடுதி
சரியாக அந்த ஆழத்தில் நிற்கிறது.
அதன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டோம்.

ஏரி ஏறி வந்த வருடம்
கதவுகளைக் கழற்றினார்,
குளியலறைப் பீங்கானைக்கூடப் பெயர்த்தார்,
நாற்காலிகளைத் தம்பி வீட்டுக்கு அனுப்பினார்.
மின்சார அலுவலகம் மட்டும்
இரண்டு வருடம் ரசீது அனுப்பிக்கொண்டிருந்தது.
சுவரில் சுவிட்ச் இன்னும்
விளக்கு எரியும் நிலையில்தான் இருக்கிறது.
ரெனாத்தோ அதைக் காட்டி எழுதினான்:
எந்தக் காலம்?
நான் எழுதினேன்: மிகப் பிந்தியது.
சிரித்ததில் முகமூடிக்குள் தண்ணீர்.

ஐந்தாவது நிமிடம்.
மேசை இருந்த இடத்துக்குப் பின்னால்
சாவி மாட்டும் பலகை, ஏழு கொக்கி.
ஆறு காலி.
நாலாம் எண்ணில் ஒரு சாவி
துருவில் இருமடங்கு பருத்துத் தொங்குகிறது.
சின்ன மீன் ஒன்று முகர்ந்து பார்த்து
வேண்டாமென்று போனது.
கையை நீட்டினேன்.
கீழே எதையும் தொடாதே என்பது விதி.
எவ்வளவு கீழே என்று
மூன்று நிமிடம் யோசித்தேன்,
நேரம் முடிந்துவிட்டது.

மேலே காற்று பிடித்திருந்தது.
பஸ்குவால் திட்டிக்கொண்டே காத்திருந்தான்.
கரையில் தோன் எலியோதோரோ
புது விடுதியின் படியில் குந்தி,
தண்ணீர் தொட்ட இடத்தில்
இந்த மாதத்து ஆணியை அடித்துக்கொண்டிருந்தார்.
போன மாதத்து ஆணி
நாலு விரல் ஆழத்தில் மினுங்கியது.

"என்ன கிடைத்தது, காந்தெலாரியா?"
அரைகல்லைச் சொன்னேன்.
கவிழ்த்து வைத்திருந்ததைச் சொன்னேன்.
சுத்தியல் நின்றது.
"வாசலுக்கு உள்ளேயா, வெளியேயா?"
உள்ளே.
"அப்படியென்றால் கூரை ஒழுகியிருக்கும்" என்றார்,
பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்கிற குரலில்.

சாவியைப் பற்றி நான் கேட்கவில்லை.
மிச்சமிருந்த இரண்டு அடியையும்
அடித்து முடித்தார்.