பத்து பவுன்

வார்டு எல்லையை மாற்றி வரையும் வேலைக்கு
மூன்று மாதத் தற்காலிகம்.
ஜி வடக்கு அலுவலகம், இரண்டாம் மாடி.
மேசைமேல் விரித்த படத்தில்
தாராவி என் உள்ளங்கை அளவு.
அதன்மேல் யாரோ வைத்தெடுத்த டீ கிளாஸின் வட்டம்
காய்ந்து கிடந்தது.

மோகாஷி சார் பீரோவிலிருந்து
பழைய படமொன்றின் நகலை எடுத்தார்.
ஏழு துண்டு நிலம், நடுவெல்லாம் கடல்:
கொலாபா, கிழவித் தீவு, பம்பாய், மஜகாவ்,
பரேல், வொர்லி, மாஹிம்.
உன் வீட்டைக் கண்டுபிடி என்றார் இந்தியில்.
மாஹிமையும் பரேலையும் விரலால் துழாவினேன்.
ஓடையோரம் சின்னச் சின்னக் கோடுகள் மட்டும்.
சேற்றை அப்படித்தான் வரைவார்களாம்.

ஒரு ராஜகுமாரிக்குச் சீதனமாகக் கைமாறிய தீவுகள்.
மாப்பிள்ளை ராஜா வந்து பார்க்கவேயில்லை.
சில வருஷத்தில் கம்பெனிக்கு விட்டுவிட்டார்,
வருஷ வாடகை பத்து பவுன்.

பத்து பவுன்!
அக்கா செல்வக்கனிக்கு இருபத்தைந்து கேட்டு
பதினெட்டில் இறங்கி வந்தார்கள்.
அது இங்கிலாந்துக் காசு, வேறு பவுன்
என்று எனக்குத் தெரியும்.
அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை.
சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே கேட்டாள்:
"ஏழு ஊருக்கும் சேத்தா?
செய்கூலி, சேதாரம் போக என்ன நிக்கும்?"

அளவு நாடாவோடு சந்துக்குள் போனோம்.
படத்தில் சிவப்புக் கோடு நேராக வருகிறது;
சந்து அப்படி வரவில்லை.
குழாய் ஒரு வார்டில், குடம் ஒரு வார்டில்.
எஸ்தர் அக்கா வீட்டில்
கீழே இருப்பவர்களுக்கு ஒரு கவுன்சிலர்,
ஏணி ஏறினால் இன்னொருவர்.
ஹிராபாய் மீன்கூடையை இறக்கிவைத்துச் சொன்னாள்:
கோலிவாடாவை மட்டும் வெட்டாதீங்க,
நாங்க அந்தச் சேற்றுக்கும் முந்தி.

மறுநாள் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர்
பிஸ்கட் டப்பாவோடு வந்தார்.
நானூறு ஓட்டு, என்றார்,
பூனையை எடுத்துக் கொடுப்பதுபோல் மெதுவாக.
கோடு கொஞ்சம் வளைந்தால் போதும்.
மோகாஷி சார் பிஸ்கட்டைத் தொடவில்லை.
நான் இரண்டு தின்றேன்.
திங்கட்கிழமை பார்த்தால்
கோடு வளைந்திருந்தது.
அழித்தது யார், வரைந்தது யார்,
யாரும் கேட்கவில்லை, நானும்தான்.

ஜூலை. உச்ச அலை மதியம் ஒன்றே காலுக்கு என்று
காலையிலேயே டிவி சொல்லியிருந்தது.
வாசலில் ஒரு செருப்பு மிதந்து
பக்கத்து வீட்டுக்குப் போனது.
புகார் எண்ணை அழுத்தினேன்.
வார்டு நம்பர் என்ன?
பழையதா, புதியதா என்று கேட்டேன்.
லைனில் இருங்கள், என்றது ஒரு குரல்,
பிறகு வயலின்.

அம்மா கட்டில்மேல் காலை மடித்து உட்கார்ந்து
பொத்தான் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள்.
நாலு கால், ஒரு மெத்தை, சுற்றிலும் தண்ணீர்.
"இதுக்கு எவ்வளவுடி வாடகை?" என்றாள்.
வயலின் முடிந்து
மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.