ருசி சொல்பவன்

முத்ரா துறையில் கப்பல்
இரவு ஒன்பது வரை நிற்கும்.
மற்றவர்கள் மணல்மேடு பார்க்கப் பேருந்தேறிவிட,
மீன்சந்தை, சூக், தெருத்தீனி என்ற
யாரும் எடுக்காத மூன்றாம் திட்டத்துக்கு
ஒற்றை ஆளாய் வந்தாள்
ஒசாகாவின் தச்சிபானா நொரிக்கோ,
ஒரு முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு.

என் சட்டைப்பை அட்டையில் பிறவிப்பெருமாள்.
'பெருமாரு' என்றாள்.
ளகரத்தோடு எங்கள் ஊர்க்காரர்களே படும் பாடு தெரியும்,
திருத்தவில்லை.

மீன்சந்தையில் எல்லாரும் படமெடுக்கும்
சூரையைத் தாண்டிப் போய்
பனிக்கட்டிமேல் சுருண்டு கிடந்த
பேய்க்கணவாய் முன் நின்றாள்.
தொடவில்லை. குனிந்து முகர்ந்து
'நேற்றுப் பிடித்தது' என்றாள்.
விற்றவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.
மணிக்கட்டைச் சொறிந்தபடியே வெளியே வந்தாள்.

சூக்கில் குந்திரிக்கம் புகைந்தது.
போர்த்துக்கீசியர், கோட்டை, ஆண்டு என்று
மனப்பாடத்தை அவிழ்த்துவிட்டேன்.
அவள் அல்வா கிண்டுகிறவனின்
முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
சர்க்கரை போடாத கஹ்வா, பேரீச்சம்பழம்,
இன்னொரு கஹ்வா.
போதுமென்றால் கோப்பையை ஆட்டவேண்டும் என்று
சொல்ல மறந்ததில்
ஐந்து கோப்பை குடித்துவிட்டாள் பாவம்.

இருட்டியதும் கடலோரத்தில்
காமிஸின் மிஷ்காக் அடுப்பு.
ஒரு குச்சி இருநூறு பைசா.
ஊரில் செத்துப்போன பைசாவுக்கு
இங்கே இன்னும் உயிர் இருக்கிறது.

'பல் படும் முன்பே கரையும்.
முதலில் புளி, பிறகு புகை,
கடைசியில்தான் இறைச்சி'
என்று கைவிரித்துச் சொன்னேன்.
அலைபேசியில் கற்ற ஒரே சொல்லையும் சேர்த்தேன்:
ஓயிஷி.

அவள் குச்சியை என்னிடம் நீட்டினாள்.
'நீ முதலில்.'

இல்லை, வேண்டாம், நீங்கள் விருந்தாளி,
வேலை நேரம், வயிறு சரியில்லை...
குச்சி அசையவில்லை.

ஏழு வருடமாகச் சொல்லாததைச் சொன்னேன்.
நான் சைவம், அம்மா. முட்டைகூட இல்லை.
புளியும் புகையும் காயல்பட்டினத்து டிரைவர்
சதக்கு சொல்லிக் கொடுத்தது.
அவனுக்கு அதற்காக மாதம் இரண்டு சாயா.

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.
காமிஸ் விசிறியை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.
சிரிப்பு அடங்க நேரமானது.
பிறகு எட்டு விரலை விரித்து நெளித்துக் காட்டினாள்.

'என் கடை பாலத்தடியில்.
மாவு உருண்டை, உள்ளே இது.
இருபத்திரண்டு வருடம்.
ஒரு துண்டு தின்றால் உதடு வீங்கும்,
தொண்டை அடைக்கும். ஆஸ்பத்திரி.'

ருசி எப்படித் தெரியும் என்றேன்.

'தின்கிறவர் முகம்'
என்றாள், அது ஏதோ
உப்பு டப்பா இருக்கும் இடம் போல.
சுட்டுக்கொண்டவன் புருவம் ஒரு மாதிரி.
மாவு வேகாவிட்டால் கன்னம்.
பிடித்துப்போனால், அடுத்த உருண்டையைக்
கண்ணால் எண்ணுவானாம்.

சுவரோரம் உட்கார்ந்தோம்.
அவள் தன் குச்சியை மெல்ல மெல்லத் தின்றாள்.
நான் பரோட்டாவில் ஓமான் சிப்ஸும்
சீஸும் நொறுக்கிச் சுருட்டிய
பள்ளிப்பிள்ளைகளின் தீனியைத் தின்றேன்.
இதன் ருசியை மட்டும்
யாரிடமும் இரவல் வாங்காமல் சொல்லத் தெரியும்,
ஆனால் அவள் கேட்கவில்லை.
எதிரே வரிசையில் நின்ற
பலூச்சிக்காரன் ஒருவனைப் பார்த்தோம்.
மெல்லுவதை நிறுத்தி, கண்ணை மூடி,
மறுபடி மெல்லத் தொடங்கினான்.
'உப்பு கொஞ்சம் தூக்கல்' என்றாள்.
காமிஸிடம் கேட்டேன். இன்றைக்குத் தம்பி ஊறப்போட்டது,
ஆமாம், தூக்கல்தான்.

எட்டரைக்குச் சங்கு ஊதியது.
வண்டியில் பட்டையை அவிழ்த்து முழங்காலைத் தேய்த்தாள்.
இறங்கும்போது 'பெருமாரு' என்று ஏதோ தொடங்கி,
சொல் கிடைக்காமல்,
குனிந்துவிட்டுப் போனாள்.

மறுநாள் ஜெர்மானியர் பதினான்கு பேர்.
அடுப்பின் முன் நிறுத்தி
வழக்கம்போல் கைவிரித்தேன்.
கரையும் என்ற இடத்தில் தடுமாறி,
'அதோ, அந்தத் தொப்பிக்காரரைப் பாருங்கள்'
என்றேன்.

அவர் இன்னும் வாயில் வைக்கவேயில்லை.
பதினைந்து பேரும் காத்திருந்தோம்.