எண்ணாமல் பகிர்ந்தால் மூன்று

அர்த்தநாரி ராய்ப்பூர் தாண்டி எங்கோ
எண்ணூற்று நாற்பதாவது அடியில் இருக்கிறார்.
‘இன்னும் பாறைதான்’ என்கிறது போன்.
பின்னால் கம்ப்ரசர் இரைகிறது.
நான் திருச்செங்கோட்டில்,
மூன்றாம் அத்தியாயம், நாற்பத்தோராம் பக்கத்தில்.

எனக்கும் ஒரு காடு உண்டு.
வேலியில்லாத மேட்டாங்காடு,
எங்கே கை வைத்தாலும் வழவழப்பு.
ஆங்காங்கே மட்டும்
தனித்தனியாய்த் துளைகள்,
ஒவ்வொன்றும் முடிவிலி வரைக்கும்.
துருவம் என்று எழுதுவேன்.
போர் என்று வாசிப்பேன்.

ஒரு சார்பு எங்கெல்லாம் போர் போட்டதோ
அங்கெல்லாம் அதன் வகைக்கெழுவும் போட்டிருக்கும்,
அச்சு மாறாமல் அதே புள்ளியில்,
ஆனால் ஒரு படி கூடுதல் ஆழம்.
பக்கத்துக் காட்டுக்காரருக்கு வருகிற அதே ரோசம்.
(இந்த வரியைக் கைடு அடித்துவிடுவார். அடிக்கட்டும்.)

கேள்வி சின்னது.
சார்பும் அதன் வகைக்கெழுவும்
எத்தனை மதிப்புகளில் ஒத்துப்போனால்
இரண்டும் ஒன்றே என்று சத்தியம் செய்யலாம்?
எண்ணிப் பகிர்ந்தால் இரண்டு போதும்.
எண்ணாமல் பகிர்ந்தால் மூன்று.

வெளித்தேர்வாளர் சிவப்பு மையில் கேட்கிறார்:
எண்ணாமல் இரண்டு ஏன் போதாது?

பதில் தெரியாமல்
வண்டிக் கணக்கை எடுத்து வைக்கிறேன்.
மேனேஜர் ராசியண்ணனின் டீசல் நோட்டு ஒரு பக்கம்,
பங்க்காரர் அனுப்பிய ஸ்டேட்மெண்ட் ஒரு பக்கம்.
பதினேழாம் தேதி இதிலும் உண்டு, அதிலும் உண்டு. டிக்.
இருபதாம் தேதி இதிலும் உண்டு, அதிலும் உண்டு. டிக்.
நான்கு மாதமாய் இப்படித்தான்
டிக் அடித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

பேனா நின்றது.

நோட்டில் பதினேழு இரண்டு தரம்,
ஸ்டேட்மெண்ட்டில் ஒரே தரம்.
இருபது நோட்டில் ஒரு தரம்,
ஸ்டேட்மெண்ட்டில் இரண்டு.
பில்லை எண்ணினால் மூன்றுக்கு மூன்று நேர்.
தொகையில்தான் பதினோராயிரம் இடிக்கிறது.

அடப் பாவி, என்றேன்,
ராசியண்ணனையா தேற்றத்தையா தெரியவில்லை.

டேன் சார்பை எடுத்து, சற்றே நகர்த்தி, வர்க்கமாக்கு.
பூஜ்யத்தில் அது இரண்டு தரம் தொடும், வகைக்கெழு ஒரு தரம்.
ஒன்றில் அது ஒரு தரம், வகைக்கெழு இரண்டு.
தேதி பார்க்கிறவளுக்கு இரண்டும் ஒரே ஆள்.
எண்ணுகிறவளுக்கு வேறு வேறு ஆட்கள்.
அந்தக் காட்டில் ஒரே நேர்கோட்டில், சம தூரத்தில்,
முடிவில்லாமல் போர்கள்.

மூன்றாவது மதிப்பும் வந்துவிட்டால் தப்ப வழியில்லை.
பன்னிரண்டு பக்கம்
துளைகளுக்குப் பயந்து, துளைகளை எண்ணி,
வரம்பு மேல் வரம்பு கட்டி,
கடைசி வரியில் சமக்குறி போடுகிறோம்.
போட்ட பிறகுதான் தெரிகிறது,
அங்கே போரே கிடையாது.
ஒன்றாவது இருந்திருந்தால்
ஒருவர் மற்றவரைவிட
ஒரு படி கூட இறங்கியிருப்பார்.
சமமாய் இருந்திருக்க முடியாது.
அடுக்குக்குறிச் சார்பு மட்டும் நிற்கிறது, துளையில்லாமல்,
பூஜ்யத்தை ஒருநாளும் தொடாமல்.

ஜன்னலில் மலை தெரிகிறது.
மேலே பாதிக்குப் பாதியாய் நிற்கிறவரை
உதாரணத்துக்கு இழுக்கக் கை துறுதுறுக்கிறது.
வேண்டாம்.
அவருக்கும் நடுவில் ஒரு கோடு உண்டு.

மறுபடி போன். தொள்ளாயிரத்துப் பத்து.
‘வெறும் புகைதான் வருது.
பார்ட்டி இன்னும் அம்பது அடி கேக்கறாங்க.’
‘போட வேண்டாம், ராடைக் கழட்டுங்க.
அப்புறம், ராசியண்ணன் பக்கத்துல இருக்காருங்களா?
அவர்கிட்டக் குடுங்க.
பதினேழாந் தேதி பத்தி
ஒண்ணு கேக்கோணும்.’