இரண்டு துண்டு ஸ்பிரிங்

"சத்தம் பெருசு, அடி சின்னது"
என்றார் அர்பாப்,
அரபியும் இந்தியும் மலையாளமும் பிசைந்து
இங்கே எல்லோரும் பேசும் அந்தப் பாஷையில்.
சஹாமில் பேரீச்சங்குலை சிவந்தால்
முதல் அறுவடை காகங்களுக்கு.

நான் பம்பு மெக்கானிக்.
துப்பாக்கி பிரித்ததில்லை. ஆனால்
அமுக்கி அடைத்த எதுவும்
எனக்குப் புதிதில்லை.

ஜும்ஆ முடிந்து மொபீஜுல் வந்ததும்
அறைத் தரையில் பழைய போர்வையை விரித்தோம்.
முதலில் குழலை மடக்கிப் பார்த்தேன்:
குண்டு இல்லை, நாணும் ஏறியிருக்கவில்லை.
கட்டையின் பக்கவாட்டில் இரண்டு திருகு, அடியில் ஒன்று.
கழற்றியவற்றைச் சாயா கோப்பையில் போட்டேன்.
பிறகு நீள கிளாம்பில் உடலைக் கிடத்தி,
பின்மூடியை இறுக்கிப் பிடித்து, ஆணியைத் தட்டி எடுத்தேன்.
"மூஞ்சிய தள்ளி வை" என்றேன் மொபீஜுலிடம்.
அவனுக்குத் தமிழ் தெரியாது. தள்ளி வைத்தான்.

அரைச் சுற்று.
அரைச் சுற்று.
நாலு விரற்கடை தள்ளவேண்டிய ஸ்பிரிங்
இரண்டு விரற்கடையில் அடங்கிவிட்டது.
மூடி சும்மா கையில் வந்து விழுந்தது.

வெளியே இழுத்தால் இரண்டு துண்டு.
ஒன்றின் வால் இன்னொன்றின் வாய்க்குள்
மரை மாதிரி ஏறிக்கொண்டு
ஒரே ஸ்பிரிங்காக வேலை பார்த்திருக்கின்றன.
முறிந்த இடத்தில் பளபளப்பு இல்லை, துருதான்.
எந்தக் கோடையில் உடைந்ததோ.

காற்றறைக்குள் சலித்த மாவு போல மணல்.
அதோடு ஒரு நாற்றம்,
மூக்குக்குத் தெரிந்த நாற்றம்: சிக்கேறிய தேங்காயெண்ணெய்.
எனக்கு முன்னால் இந்தக் கட்டிலில் படுத்த
சசாங்கன் வேலையாகத்தான் இருக்கும்.
(அலமாரிக் கதவில் ஆணியால் கீறிய அவன் பெயர் இருக்கிறது.
கணக்கு தீர்க்காமல் அனுப்பினார்களாம்.)
அமுங்கிய காற்றில் எண்ணெய் பற்றிக்கொள்ளும்.
பெரிய சத்தம் அதுதான்.
அடி அல்ல, எரிச்சல்.

மீன்காரன் கொடுத்த தூண்டில் நரம்பில்
பனியன் கிழிசலைக் கட்டிக் குழலுக்குள் இழுத்தேன்.
முதல் துணி கறுப்பு. அடுத்தது ஈயச் சாம்பல்.
ஏழாவதில் பனியன்
பனியனாகவே வெளியே வந்தது.

பிஸ்டன் ஓரத்துக்கு மாலி கிரீஸ்,
விரல்நுனியில் தொட்டுக்கொள்ளும் அளவு.
ஸ்பிரிங்குக்குப் பிசின் மாதிரிக் கனத்தது,
நடுக்கத்தை அது தின்றுவிடும்.
சீலின் உதட்டுக்கு ஒரு பூச்சு.
காற்றறைக்கு
ஒன்றும் இல்லை.

புது ஸ்பிரிங் சோஹாரில் கிடைக்கும், ஒன்பது ரியால்.
தண்டபாணி கட்டிலில் படுத்தபடியே கேட்டான்:
"புதுசு போட்டா சாவுமா?"
எது என்று சொல்லவில்லை.
அமாவாசைக்கு அமாவாசை
ஏசியின் வெளிப்பெட்டி மேல் சோறு வைக்கிறவன்.
"சாவும்" என்றேன்.
அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய்.
கை பாட்டுக்கு இரண்டு துண்டையும் துடைத்தது,
இருந்தபடியே ஒன்றுக்குள் ஒன்றைத் திருகியது,
கிரீஸ் தடவி உள்ளே விட்டது.
மொபீஜுல் என்னைப் பார்த்தான்.
கிளாம்பை இறுக்கினான்.

சாயங்காலம் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்று
அர்பாப் சுட்டார்.
புகை இல்லை. கிணுகிணுப்பு இல்லை.
கார்க் கதவைச் சாத்தினாற்போல் ஒரு "டப்".
மட்டைமேல் இருந்த காகம் தன் வாலைத் திரும்பிப் பார்த்து
அடுத்த மட்டைக்கு நகர்ந்து உட்கார்ந்தது.
"காத்து" என்றார் அர்பாப், கடலைக் காட்டி.
ஓர் இலைகூட ஆடவில்லை.
ஆனாலும் அந்தச் சத்தம் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.
தோள்மேல் கைபோட்டு இரண்டு ரியால் கொடுத்தார்.
அடுத்த வெள்ளிக்கிழமை
மச்சானின் துப்பாக்கியும் வருகிறதாம்.

அதற்குள் ஸ்பிரிங் எப்படியோ,
தெரியவில்லை.