கணவாய்

இரண்டு மணி பத்துக்கு வந்தது முதல் வரி:
இருக்கிறீங்களா?
ஆங்கில எழுத்தில் தமிழ்.
எங்கள் பிள்ளைகள் பயத்தை
அந்த எழுத்தில்தான் தட்டுகிறார்கள்.

ஓம், இருக்கிறன் என்றேன்.

பிறகு மூன்று புள்ளிகள்.
தோன்றும், துள்ளும், மறையும்.
சுடுதண்ணிப் போத்தலில் மிச்சமிருந்த பிளேன்டீயை
மூடியிலேயே ஊற்றிக் குடித்தேன்.
மகரகமையில் தன் வீட்டிலிருந்து
ருவந்தி சிங்களத்தில் ஆறு பேரோடு கதைத்துக்கொண்டிருந்தாள்.
தமிழில் இந்த இரவு நீ மட்டும்தான்.

பெயர் கேட்கமாட்டோம்,
கூப்பிட மட்டும் ஏதாவது தா என்றேன்.
கணவாய் என்று வந்தது.
ஏன் என்று நான் கேட்கவில்லை. நீயே எழுதினாய்:
வீட்டில ஒரு நிறம், டியூட்டரியில ஒரு நிறம்,
கோயில்ல இன்னொண்டு.
பிடிக்க வந்தா மையைக் கக்கிப்போட்டு ஓடும்.
மை முடிஞ்சுபோச்சு அக்கா.

நான் அக்கா எண்டு ஆர் சொன்னது?
ஒருத்தரும் சொல்லேல்லை. அண்ணா எண்டா பயம்.

பெரியம்மாவின் மகள் உன் போனைத் திறந்திருக்கிறாள்.
ஒரு படம். தோளில் சாய்ந்த தலை, அவ்வளவுதான்.
திங்கட்கிழமை கொட்டாஞ்சேனையில்
சுகமாக்குகிற ஒருவரிடம் கூட்டிப்போகிறார்களாம்.

சுகமாக்க முதலில் ஒரு வருத்தம் வேண்டும்
என்று தட்டி, அழித்து,
சாப்பிட்டியா என்று கேட்டேன்.
இல்லை.
பாணாவது இருக்கா?
இருக்கு. குசினி லைட்டைப் போட்டா அப்பா எழும்புவார்.

என்னிடம் ஒரு பட்டியல் உண்டு.
சிரிக்காத டொக்டர்,
தமிழில் சட்டம் சொல்லக்கூடிய ஒரு லோயர்,
விலாசம் எழுதாமல் வாயால் மட்டும் சொல்கிற ஓர் அறை.
வெள்ளைக்காரன் எழுதி வைத்துப்போன பிரிவைப்பற்றி
நீ கேட்டபோது
பொய் சொல்லவில்லை. இன்னும் இருக்கிறது என்றேன்.
நாங்களும் இருக்கிறோம் என்றேன்.

எனக்கு என்ன சொல்லு அக்கா? தேடினா
தூஷணம்தான் வருது.

அகராதிச் சொற்கள் நாலைந்து அனுப்பினேன்,
ஸ்திரி போட்ட சேர்ட் மாதிரி விறைப்பானவை.
போட்டுப் பார்த்துவிட்டு
சோதினைப் பேப்பர் மாதிரி இருக்கு என்றாய்.
கூடவே ஒரு மஞ்சள் முகம், நாக்கை நீட்டி.
அந்த இரவில் அதுதான் உன் முதல் சிரிப்பு.
கணவாயே போதும் என்று முடிவாயிற்று.

நாலரை ரயில் என் சன்னலை உலுக்கிவிட்டுப் போனது.
ஒழுங்கை நாய் எழும்பி மூன்று தரம் குரைத்தது.
பிறகு உன் குரல் வந்தது, பதினேழு வினாடி.
முதல் ஆறில் மின்விசிறி மட்டும்.
பிறகு மூச்சு.
பிறகு
சற்றுமுன் என்னைக் கடந்த அதே ரயில்
உனக்குப் பின்னால் மறுபடி ஓடியது,
அதே நாய் தூரத்தில் மூன்று தரம் குரைத்தது,
ரயிலுக்கு மேலால் நீ சொன்னாய்:
பாண் சாப்பிட்டனான்.

எங்கே இருக்கிறாய் என்று கேட்கக்கூடாது.
அது எங்கள் முதல் விதி.
கேட்கவில்லை.
ஆணா பெண்ணா என்று படிவத்தில் ஒரு கட்டம்,
அந்தக் குரலை அதற்குள் மடிக்க மனம் வரவில்லை.
வெறுமையாக விட்டேன்.

காலையில் வெள்ளவத்தைப் பேக்கரி வரிசையில்
தூங்காத கண்கள் ஐந்தாறு.
ஒரு மாலுபாண், ஒரு கிம்புலா பனிஸ்,
மிச்சக் காசைத் தவறவிட்டுக் குனிந்த ஒரு பிள்ளை.
நான் யாரையும் இரண்டாம் தரம் பார்க்கவில்லை.
பார்த்தால் நிறம் மாறிவிடுவாய்.

திங்கள் போய்விட்டது. செய்தி இல்லை.
ரயில் வரும்போதெல்லாம் சன்னலைத் திறக்கிறேன்.
பாணந்துறைப் பக்கமிருந்து வந்தால்
முதலில் உன்னைக் கடக்குமா, என்னையா
என்று தெரியாமலே
வினாடிகளை எண்ணுகிறேன்.